ரிலீவர் அக்கா

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும் இன்றைக்கு எழுதிவிடலாம் என்று நோட்டை எடுப்பேன். இரண்டு வரி எழுதுவேன். குக்கர் சத்தம் போடும், எழுந்து போய்விடுவேன். குக்கர் ஒரு சாக்கு. மனசில் இருந்தது தயக்கம்தான். நான் எட்டாவது வரை படித்தவள். பஜனைப் பாட்டு நோட்டைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகன் துணை.

நெய்வேலியில் எங்கள் குவாட்டர்ஸுக்கு எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். பேரைச் சொல்ல மாட்டேன். எங்கள் பிளாக் முழுக்க அவருக்கு ரிலீவர் அக்கா என்றுதான் பேர். காரணத்தைச் சொல்கிறேன்.

சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. அதை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மேலே பொங்கி வந்துவிடும். அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அக்காவுக்கு. அவர் வீட்டுக்காரர் சர்வீஸில் இருக்கும்போதே தவறிவிட்டதால் வந்த வேலை. எப்போதும் ஃபர்ஸ்ட் ஷிப்ட். காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு அடுத்த ஆள் வர வேண்டும். அந்த அடுத்த ஆள்தான் ரிலீவர். ரிலீவர் வராமல் பம்ப் ஹவுஸை விட்டு நகரக் கூடாது, அதுதான் சட்டம். ஆள் வந்ததும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒப்படைச்சேன்" என்று வாயால் சொல்ல வேண்டுமாம். வந்தவர் "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் பஸ் பிடிக்கிற அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா, பதில் வார்த்தை காதில் விழும்வரை வாசலில் நிற்பார்.

சரி, வேலையில் அப்படி இருந்தால் நல்லதுதான். அக்கா வீட்டிலும் அப்படியே இருந்தார்.

நாங்கள் குடி வந்த புதிதில் ஒரு நாள் அடுப்பில் பால் வைத்திருந்தேன். கீழே தண்ணீர்க் குழாயைத் திறந்தே விட்டுவிட்ட ஞாபகம் வந்தது. "அக்கா, பாலைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கீழே ஃபிலோமினா பிடித்துக்கொண்டாள். அவள் பக்கத்துப் படிக்கட்டு வீடு. பேச ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் சொன்னதிலிருந்து மீன் விலை வரை வந்துதான் நிற்பாள். முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்தால், அக்கா என் அடுப்படியில் நிற்கிறார். அடுப்பு அணைந்திருக்கிறது. பால் ஆறி ஆடை கட்டியிருக்கிறது.

"ஐயோ, அணைச்சிட்டுப் போயிருக்கலாமேக்கா!"

"பொங்குனதும் அணைச்சிட்டேன். ஆனா ஒன்கிட்ட ஒப்படைக்காம எப்பிடிப் போறது? பூனை வந்தா யாரு பதில் சொல்றது?"

"எங்க வீட்ல பூனையே கிடையாதுக்கா."

"வராதுன்னு எழுதியா குடுத்திருக்குது? எடுத்துக்கிட்டேன்னு சொல்லு, போறேன்."

சொன்னேன். போனார்.

அவருடைய தம்பி மகள் கல்யாணம் குள்ளஞ்சாவடியில் நடந்தது. மண்டபத்தில் சாமான் அறைச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று கொடுத்தவர் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கப் போய்விட்டார். முகூர்த்தம் வந்தது, எல்லோரும் மேடையைச் சுற்றி நிற்கிறோம், அத்தைக்காரியைக் காணோம். நான் தேடிக்கொண்டு போனால், தேங்காய் மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"தாலி கட்டறாங்க, வாங்கக்கா!"

"நீ போய்ப் பாரு. இங்க இருந்துகினே கெட்டிமேளம் கேக்குது."

கையில் நாலு அரிசியை எடுத்து மேடை இருக்கும் திசையில் போட்டார். சாமான் அறைச் சுவரில் பட்டு அரிசி கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரி கஷ்டமாகவும் இருந்தது.

கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவார். ஆனால் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்றுவிடுவார். "நீ போய்ப் பாத்துக்கினு வந்து என்ன மாத்தி வுடு. அப்பறம் நான் போறேன்" என்பார். காணாமல் போனால்கூட யாரும் தேடாத என் ரப்பர் செருப்புக்கு அவர் காவல். இவ்வளவு தூரம் வந்துவிட்டு முருகனைவிடச் செருப்பா பெரிது என்று எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "முருகனுக்குப் பாத்துக்க குருக்கள் இருக்காரு. செருப்புக்கு நான்தான் இருக்கேன்" என்றார்.

இதிலே ஒரு வலியும் உண்டு. அவருடைய மகன் ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் கப்பு வாங்கினான். அன்றைக்கு ரிலீவர் வந்த பஸ் மழையில் நின்றுவிட்டது. அக்கா போகவில்லை. பையன் பெரியவனாகி வேலைக்குப் போன பிறகும், "எங்கம்மாவுக்கு நான் ரெண்டாவது, பம்புதான் மூத்த புள்ள" என்று எல்லோர் முன்னாலும் சொல்வான். அக்காவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பார்.

அவர் ரிட்டயர் ஆகி ஒரு வருடம் கழித்து, தை மாதக் கடைசியில், ஒரு சாயங்காலம் வந்து கேட்டார்.

"இத்தினி வருசம் தண்ணியத் தள்ளிக்கினே இருந்தேன். அது எங்க போயி ஒக்காந்துகினு இருக்குதுன்னு ஒரு தடவ கண்ணால பாக்கணும். வர்றியா?"

சுரங்கத் தண்ணீர் கால்வாய் வழியாகப் போய் வயலுக்குப் பாய்ந்தது போக, சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரியில் சேர்கிறது. அங்கே நாரைகள் வந்து கூடு கட்டுவதால் வனத்துறையார் அதைக் சரணாலயமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். வண்டி விட மாட்டார்கள். நுழைகிற இடத்திலிருந்து கரையோடு நடந்துதான் போக வேண்டும். நடை என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வருடா வருடம் பங்குனியில் முருகனுக்கு நடக்கிறவள் நான். பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் என் நாத்தனார் சரோஜாவைக் கூப்பிட்டேன். ஃபிலோமினா, "நான் வேளாங்கண்ணிக்கே நடந்தவ, இது என்னா பெரிய தூரம்" என்று சேர்ந்துகொண்டாள். நாலு பேர், நாலு வாழையிலைப் பொட்டலத்தில் புளிச்சோறு.

நுழைகிற இடத்தில் ஒரு இளம் காவலர் நோட்டை நீட்டினார். "கூட்டத்துக்கு யாருங்க பொறுப்பு?"

"நான்தான்" என்று அக்கா பேனாவை வாங்கினார். பேரை எழுதினார். கேட்காமலேயே பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். நிமிர்ந்து, "இப்ப உள்ள எத்தினி பேரு இருக்காங்க? ஏதாச்சும் ரிப்பேரு உண்டுங்களா?" என்றார்.

காவலருக்குச் சிரிப்பு. "ரிப்பேரு ஒண்ணும் இல்லீங்கம்மா. இப்ப குஞ்சு பொரிக்கிற நேரம். சத்தம் மட்டும் கூடாது. மத்தபடி எல்லாம் நல்லா ஓடுது."

"அப்ப எடுத்துக்கிட்டேன்" என்றார் அக்கா.

நான் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அக்கா திரும்பிப் பார்த்தார். "சீமைக்கருவேல முள்ளு விரதத்தையெல்லாம் பாக்காது. மாட்டு கால்ல."

கால்வாய் ஓரமாகவே நடந்தோம். அக்கா ஒரு படியில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். "இது நான் தள்ளுன தண்ணிதான்."

"எப்பிடித் தெரியுதுங்கக்கா? உங்க கையெழுத்து போட்டிருக்குதா?" என்றாள் சரோஜா.

"போட்டுக்கினுதான் வந்துச்சு. வழியில கரைஞ்சு போயிருக்கும்."

ஒன்றரை மணி நேர நடை. கால்வாய் வளைகிற இடத்தில் ஒரு மேடு. ஏற்றத்தில் நான்தான் முன்னால். பாதயாத்திரையிலும் நான்தான் முன்னால் போவேன், பாட்டெடுத்துக் கொடுப்பதும் நான்தான். இப்போது சொல்லப்போவதுதான் என்னால் எழுத முடியாமல் இருந்தது.

எங்கள் பாதயாத்திரையில் ஒரு வழக்கம். முன்னால் போகிறவருக்குக் கோபுரம் கண்ணில் பட்டதும் குரல் கொடுக்க வேண்டும். கால் நொந்து பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் தெம்பு. இருபது வருடப் பழக்கம். மேட்டில் ஏறினேன். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்த மாதிரி நாரைகள். ஒவ்வொன்றின் வாலிலும் ரோஜா நிறம். கை தானாகத் தலைக்கு மேல் போனது. வாய் தானாகத் திறந்தது.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

பின்னாலிருந்து சரோஜாவும் ஃபிலோமினாவும், "அரோகரா!"

ஏரியே எழுந்த மாதிரி இருந்தது. அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் மேலே. எங்கள் மேல் நிழல் ஓடியது. அந்த நொடியில், பொய் சொல்ல மாட்டேன், முருகன் எனக்குத் தரிசனம் கொடுத்துவிட்டான் என்றே நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

பக்கத்தில் ஃபிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். "மாதாவே, என் வாயிலேருந்து எப்பிடி வந்துச்சு இது?"

"இவங்க பிளாக்ல குடியிருந்தா வராம என்ன பண்ணும்" என்றாள் சரோஜா.

காவலர் கரையோடு ஓடி வந்தார். அவருக்கு வந்த கோபத்தைச் சத்தம் போட்டுக் காட்ட முடியாத இடம் அது. மூச்சு வாங்கிக்கொண்டே குசுகுசுவென்று திட்டினார். "என்னாங்கம்மா இது, படிச்சிப் படிச்சிச் சொன்னேன்! கூட்டுல குஞ்சு கெடக்குது, முட்ட கெடக்குது. தாய் எழுந்திரிச்சா வெயில்ல வதங்கிடும். காக்கா வேற காத்துக்கினே கெடக்குது." எங்களை ஒரு புதர் மறைவுக்குப் போகச் சொன்னார்.

தூரத்து மரங்களில் பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப இறங்கின. கரைக்கு மிக அருகில், தாழ்வான ஒரு மரத்தில் மட்டும் ஒரு கூடு அப்படியே திறந்து கிடந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். பஞ்சு மாதிரி வெள்ளை உடம்பு, கறுத்த மூக்கு. உச்சி வெயில் நேராக அடித்தது. மூன்றும் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இரண்டு காகங்கள் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து, எங்கே முதலில் கொத்தலாம் என்று கணக்குப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்தன. தாய் நாரை எதிர் மரத்து உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, வரவில்லை.

நாங்கள் மூன்று பேரும் புதருக்குப் போய்விட்டோம். அக்கா வரவில்லை. கரை விளிம்பில், அந்தக் கூட்டுக்கு நேராக நின்றுகொண்டார். காகம் அசைந்தால் முந்தானையை வீசினார்.

"அம்மா, வாங்க இந்தாண்ட" என்றார் காவலர்.

"டூட்டியில இருந்தத நாமதான் வெரட்டி வுட்டோம். ரிலீவர் வராம நான் எப்பிடிங்க நகர்றது?"

காவலருக்குப் புரியவில்லை. ஆனால் பதில் சரியாகச் சொன்னார். "நீங்க நிக்கிறதாலதாங்கம்மா அது வர மாட்டேங்குது. அது ஒங்களத்தான் பாத்துக்கினு நிக்குது."

"நான் போனா காக்கா வரும்."

"வந்தாலும் வரும், வராமலும் போவும். ஆனா நீங்க நின்னா தாய் வரவே வராது."

அக்கா எதிர் மரத்தைப் பார்த்தார். குஞ்சுகளைப் பார்த்தார். ஒரு குஞ்சின் தலை கூட்டின் ஓரத்தில் சாய்ந்துவிட்டது. எத்தனையோ வருடமாக அவரைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றது அப்போதுதான். ஒரு அடி பின்னால் வைத்தார். காகம் ஒரு கிளை முன்னால் வந்தது. மறுபடி முன்னால் போனார்.

"அம்மா, நேரமாவுது" என்றார் காவலர். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை.

அக்கா கை இரண்டையும் கூப்பினார். கூட்டைப் பார்த்தா, எதிர் மரத்தைப் பார்த்தா, அதற்கும் மேலே பார்த்தா, எனக்குத் தெரியவில்லை. "ஒப்படைச்சேன்" என்றார். எடுத்துக்கிட்டேன் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. திரும்பி நடந்து வந்து புதர் நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நீ பாத்துச் சொல்லு. என்னால ஆவாது."

நான் இலை இடுக்கில் பார்த்தேன். வாயைத் திறக்காமல் மனசுக்குள் கந்தனை நூற்றெட்டு முறை கூப்பிட ஆரம்பித்தேன். பதினெட்டோ இருபதோ எண்ணியிருப்பேன், ஒரு காகம் கூட்டின் விளிம்புக்கே வந்துவிட்டது. எண்ணிக்கை தப்பிவிட்டது. "முருகா, நான் செஞ்ச தப்புக்கு அதுங்க என்ன பண்ணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் கழுத்தை நீட்டிச் சீறின. காகம் தயங்கியது. அப்போது மேலேயிருந்து அந்தப் பெரிய நாரை கால் இரண்டையும் தொங்கவிட்டு இறங்கியது. காகம் பறந்தது. நாரை கூட்டின் மேல் நின்று, சிறகு இரண்டையும் குடை மாதிரி விரித்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்தது. நிழலில் மூன்று தலையும் நிமிர்ந்தன.

"வந்துருச்சுக்கா" என்றேன்.

"எடுத்துக்கிச்சா?"

"எடுத்துக்கிச்சுக்கா. மூணும் இருக்குது."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. முந்தானையால் முகத்தை மட்டும் துடைத்தார். பிறகு, "அந்தப் புளிச்சோத்த எடு, பசிக்குது" என்றார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முதல் பொட்டலத்தை அவர்தான் பிரித்தார்.

பாதிச் சோற்றில் இன்னொரு அதிசயம். இன்னொரு நாரை மீனோடு வந்து அதே கூட்டில் இறங்கியது. இரண்டும் கழுத்தை வளைத்துத் தலை குனிந்தன. மூக்கை மூக்கோடு தட்டின. முதலில் இருந்தது பறந்து போனது, வந்தது சிறகை விரித்து நின்றது.

அக்கா என் தோளில் ஓங்கித் தட்டினார். "பாரு, பாரு! சொல்லிக்கினு ஒப்படைக்குது பாரு! லாக் புக்கு ஒண்ணுதான் இல்ல!"

"மெதுவாக்கா, மறுபடி வெரட்டிடப் போறீங்க" என்றாள் சரோஜா. வாயைப் பொத்திக்கொண்டு நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில், ஏரியின் அந்தப் பக்கத்தில் ஒரு காகம் எதையோ கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தேன். அது என்னவென்று காவலரிடம் நான் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது காவலர் நோட்டைத் திறந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, எழுதித்தான் ஆவணும். சத்தம் போட்டவங்களுக்கு இந்த சீசன் முடியிற வரைக்கும் அனுமதி கெடையாது. யாருங்க போட்டது?"

பஜனைக் குழுவில் முதல் தாளம் போடுகிறவள், முருகன் பேரைச் சொல்லிக் குற்றவாளி நோட்டில் ஏறுவதா என்று மனசு கணக்குப் போட்டது. சரோஜா என்னைப் பார்த்தாள். ஃபிலோமினா தரையைப் பார்த்தாள்.

"கூட்டத்த இட்டுக்கினு வந்தவ நான். என் பேரையே எழுதுங்க" என்றார் அக்கா.

எழுதினார். அக்கா போகிற நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார். "அந்த மூணும் எப்பங்க பறக்கும்?"

"இன்னும் ஒண்ணர மாசம், ரெண்டு மாசம் ஆவும்மா."

"அப்ப ஒரு நடை வந்து பாத்துட்டுப் போவலாமுங்களா?"

காவலர் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இப்பதாங்கம்மா பேரு எழுதுனேன்" என்றார், அவருக்கே சங்கடமாக.

"ஆமால்ல" என்றார் அக்கா. சிரித்தார்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டேன். "ஏங்க்கா உங்க பேரக் குடுத்தீங்க?"

"சார்ஜு என்கிட்ட இருந்துச்சு. இதுல என்னா இருக்குது? காபி போடட்டா?"

அந்தச் சித்திரையிலேயே குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். அந்தக் குஞ்சுகள் பறந்ததை அவர் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்த ஏரிக்குப் போகவும் அவருக்கு வாய்க்கவில்லை. நான் மட்டும் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் போயிருப்பார்.

இதற்கு மேல் ஒரு தப்பும் செய்தேன். பஜனைக் குழுவில் சரோஜா, "அக்கா பேர்ல கேஸே எழுதிட்டாங்க" என்று விளையாட்டாகச் சொல்லப் போக, கேட்டவர்கள் மீதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். ரிலீவர் அக்கா கத்தி ஏரிப் பறவையையெல்லாம் விரட்டிவிட்டார் என்று ஒரு கதை. அவர் கூப்பிட்டதும் முருகன் அருளால் எல்லாம் திரும்பி வந்தன என்று இன்னொரு கதை. நான் மடியில் தாளத்தை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் போன் செய்து, இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றேன். "எழுதேன், எனக்கென்னா. என் பேர மட்டும் போடாத" என்றார்.

"ஏங்க்கா?"

"அந்த நோட்டுல போட்டாச்சே, போதும்" என்று சிரித்தார். பின்னால் பேத்தி கத்துவது கேட்டது. மகன் வந்து மாற்றும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாராம்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை ஏழு பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அது தெரியாது. அனுப்ப நினைத்தால் உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். பறவைகள் சாமி பேரைக் கேட்டு வந்ததாகச் சேர்க்காதீர்கள், கேட்டு ஓடின, அதுதான் நடந்தது. அந்தக் காகம் கவ்விக்கொண்டு போனதை எடுத்துவிடாதீர்கள். அக்கா பேரை யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கத்தியது யார் என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். என் பேர் வசந்தா.